மசாஜ் சிகிச்சை உடலுக்கும் மனத்துக்கும் என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மசாஜ் எல்லா நோயையும் தீர்க்கும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அது வெறும் சொகுசு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். ஆய்வுகளைப் படித்துப் பார்த்தால் இரண்டுமே சரியில்லை என்று தெரியும். பலன் உண்டு, பெரும்பாலும் அது மிதமானது, சில வாரங்களோ சில மாதங்களோ நீடிப்பது. உடல்வலியைக் காட்டிலும் மனப்பதற்றத்தில் அது தெளிவாகத் தெரிகிறது என்பது பலரும் எதிர்பாராத செய்தி.

மசாஜ் சிகிச்சை என்பது எதைக் குறிக்கிறது?

தோலையும் அதன் கீழுள்ள தசைகளையும் கையால் முறையாக நீவி, பிசைந்து, அழுத்தி, தட்டி, அதிர்வூட்டி வலியையும் இறுக்கத்தையும் குறைக்க முயலும் சிகிச்சையே இது. இன்று உலகெங்கும் மிகுதியாகக் கையாளப்படுவதும், பெரும்பாலான ஆய்வுகளில் இடம்பெறுவதும் ‘ஸ்வீடிஷ் மசாஜ்’ எனப்படும் முறைதான். 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகத்தை நிறுவிய பேர் ஹென்ரிக் லிங்கின் பெயரோடு இதை இணைத்துப் பேசுவது வழக்கம். ஆனால் நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று அசைவுகளை வகைப்படுத்தி மருத்துவர்களிடையே பரப்பியதில் டச்சு மருத்துவர் யோஹான் கியோர்க் மெட்ஸ்கருக்கே பெரும்பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

சித்த மருத்துவத்தில் இதற்கு இணையானது தொக்கணம். முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளில் ஒன்றாகிய அது தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும். தாய்லாந்தின் ‘நுவாட் தாய்’ முறையில் எண்ணெய் இல்லாமல், ஆடை அணிந்தபடியே அழுத்தியும் இழுத்தும் விடுவார்கள். 2019இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. முறைகள் இப்படிப் பலவாக இருப்பதால், ஒரு முறையில் நடந்த ஆய்வின் முடிவை இன்னொரு முறைக்கு அப்படியே ஏற்றிச் சொல்வது சரியாகாது. கீழே வரும் ஆய்வுகள் பெரும்பாலும் ஸ்வீடிஷ் முறையையும் அதையொட்டிய முறைகளையும் சார்ந்தவை.

அழுத்திவிடும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது?

மூன்று தளங்களில் இதை விளக்கலாம். முதலாவது நரம்பு. இடித்துக்கொண்ட இடத்தை நம்மையறியாமல் தேய்த்துக்கொள்கிறோம். வலி சற்றுக் குறைகிறது. தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகளின் செய்தி, தண்டுவடத்தில் வலிச்செய்தியை மட்டுப்படுத்துகிறது என்று 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் முன்வைத்த ‘நுழைவாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு’ இதை விளக்கியது. அதன் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படைக் கருத்து இன்றும் பயன்பாட்டில் உள்ளது. இதைத் தவிர, முடியுள்ள தோலில் மென்மையான, மெதுவான வருடலுக்கென்றே அமைந்த மெல்லிய நரம்பிழைகள் உள்ளன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடல்சூட்டுக்கு நெருங்கிய கையால் வருடும்போது அவை மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. அவை கொண்டுசெல்லும் செய்தி ‘எங்கே தொட்டார்கள்’ என்பதைவிட ‘தொட்டது இதமாக இருக்கிறது’ என்பதையே மூளைக்கு உணர்த்துகிறது. தேர்ந்த கைகள் அவசரப்படாததற்கு உடலியல் காரணம் இருக்கிறது.

இரண்டாவது தசை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 11 இளைஞர்களைக் களைத்துப்போகும்வரை மிதிவண்டி ஓட்டவைத்து, பின் ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்தார்கள். இரு தொடைகளிலிருந்தும் எடுத்த தசைத் துணுக்குகளை ஒப்பிட்டபோது, மசாஜ் செய்த காலில் அழற்சியைத் தூண்டும் வேதிச் செய்திகள் குறைந்திருந்தன; செல்களின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்களைப் பெருக்கும் செய்தி கூடியிருந்தது. மசாஜ் லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகிறது என்று விளையாட்டுத் திடல்களில் பல காலமாகச் சொல்லப்படுகிறதே, அதற்கு மட்டும் அந்த ஆய்வில் எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. பங்கேற்றவர்கள் பதினொருவர் மட்டுமே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நம் விருப்பத்துக்கு உட்படாமல் இயங்கும் நரம்பு மண்டலம். மிதமான அழுத்தத்துடன் செய்யும்போது இதயத் துடிப்பு தணிகிறது, மூச்சு ஆழ்கிறது. உடல் பரபரப்பு நிலையிலிருந்து ஓய்வு நிலைக்கு நகர்கிறது. மேலோட்டமாகத் தடவினால் சிலருக்கு நேர்மாறாகக் கூச்சமும் விழிப்பும்தான் ஏற்படும்.

நாள்பட்ட முதுகுவலி குறையுமா?

மசாஜுக்கு மக்கள் வருவதற்கு மிகப் பெரிய காரணம் இதுதான். மிகுதியான ஆய்வுகளும் இதில்தான் நடந்துள்ளன. அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 401 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு, வலிக்குக் காரணமெனக் கருதப்பட்ட தசைகளையும் மூட்டுகளையும் கண்டறிந்து அவற்றை இலக்காக வைத்துச் செய்யும் மசாஜ். இன்னொரு பிரிவினருக்கு உடல் முழுவதையும் தளர்த்தும் சாதாரண மசாஜ். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். வாரம் ஒருமுறையாகப் பத்து வாரம் முடிந்தபோது மசாஜ் பெற்ற இரு பிரிவினரும் வழக்கமான மருத்துவம் பெற்றவர்களைவிட அன்றாட வேலைகளை எளிதாகச் செய்ய முடிந்தது. அந்த முன்னேற்றம் ஆறு மாதம் வரை நீடித்து, ஓராண்டில் பெரும்பாலும் மங்கிவிட்டது.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ‘சிறப்பு’ மசாஜுக்கும் சாதாரண மசாஜுக்கும் இடையே மருத்துவ நோக்கில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. எந்தத் தசை, எந்த நரம்பு என்று துல்லியமாகக் கண்டுபிடித்துச் சரிசெய்வதாகச் சொல்லி இரண்டு மடங்குக் கட்டணம் கேட்கும் இடங்களை இந்த முடிவின் வெளிச்சத்தில் பார்க்கலாம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மருத்துவச் சான்றுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 25 ஆய்வுகளை ஆராய்ந்து, மசாஜ் குறுகிய காலத்துக்கு வலியைக் குறைக்கக்கூடும் என்றாலும் சான்றுகளின் தரம் மிகத் தாழ்ந்தது என்று முடிவு செய்தது. மசாஜ் ஆய்வுகளில் ‘போலி மாத்திரை’க்கு நிகராக ஒன்றைக் கொடுப்பது கடினம், தன்னைத் தொட்டு அமுக்குகிறார்களா இல்லையா என்பது யாருக்கும் தெரிந்துவிடும். சான்று பலவீனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், புதிதாகத் தோன்றிய முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன்பாக முயலக்கூடியவற்றுள் சூட்டு ஒத்தடத்தோடு மசாஜையும் சேர்த்தது. நாள்பட்ட வலிக்கு உடற்பயிற்சியை முன்வைத்த அதே வழிகாட்டுதல், அந்தப் பட்டியலில் மசாஜைச் சேர்க்கவில்லை.

ஆகவே மசாஜை முதுகுவலிக்கான தீர்வாக நினைப்பதைவிட, வலி தணிந்திருக்கும் சில நாட்களை நடைக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்திக்கொள்ளும் வாய்ப்பாக நினைப்பதே பொருத்தம். பிடித்துவிட்ட சுகத்தோடு மறுபடி பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் வலி திரும்பத்தான் செய்யும்.

முழங்கால் தேய்மானத்துக்கு உதவுமா?

தேய்ந்த குருத்தெலும்பை எந்த மசாஜும் வளர்க்காது. ஆனால் வலியும் விறைப்பும் குறையலாம். 2012இல் 125 பேரிடம் நடந்த ஆய்வொன்று, எவ்வளவு நேரம், எத்தனை முறை செய்வது தகும் என்பதையே ஆராய்ந்தது. எட்டு வாரத்துக்கு வாரம் ஒருமுறை 60 நிமிடம் என்பதே செலவுக்கும் பலனுக்கும் ஏற்ற அளவாகத் தெரிந்தது. 30 நிமிட மசாஜ் அந்த அளவுக்கு உதவவில்லை. அதே ஆய்வாளர்கள் 2018இல் 222 பேரிடம் நடத்திய அடுத்த ஆய்விலும் எட்டாம் வாரத்தில் முன்னேற்றம் நன்றாகத் தெரிந்தது. ஆண்டு முடிவில் மற்ற பிரிவினரும் ஏறக்குறைய அதே நிலையை எட்டியிருந்தார்கள்.

மன அமைதி என்பது அந்த நேரத்துச் சுகம் மட்டும்தானா?

இல்லை என்றே சான்றுகள் சொல்கின்றன. 2004இல் கிறிஸ்டோபர் மோயரும் உடனாய்வாளர்களும் 37 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். ஒருமுறை மசாஜ் செய்துகொண்டாலே அந்த நேரத்துப் பதற்றம், இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு ஆகியவை குறைந்தன. தொடர்ச்சியாகப் பலமுறை செய்துகொண்டவர்களிடம், இயல்பாகவே அவர்களிடம் ஊறியிருந்த பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. மசாஜின் பலன்களிலேயே மிகப் பெரியவை இவ்விரண்டுதான். அந்தக் குறைவு உளவியல் சிகிச்சை தரும் பலனோடு ஒப்பிடத்தக்க அளவில் இருந்தது என்று அவர்கள் எழுதினார்கள். மாறாக, மசாஜ் முடிந்தவுடனேயே வலியை அளந்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. வலிக்காகச் செல்பவர்களே மிகுதி. மனத்துக்குத்தான் முதலில் பலன் கிடைக்கிறது.

பலவற்றையும் பற்றி ஓயாமல் கவலைப்படும் ‘பொதுமைப் பதற்றக் கோளாறு’ உள்ள, வேறு சிகிச்சை பெறாத 47 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஆறு வாரத்துக்கு வாரம் இருமுறை ஸ்வீடிஷ் மசாஜ் பெற்றவர்களின் பதற்றம், வெறுமனே மெல்லத் தொடப்பட்டவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது. ஒப்பீட்டுப் பிரிவுக்கும் மனிதத் தொடுதலும், அமைதியான அறையும், ஒதுக்கப்பட்ட நேரமும் கிடைத்திருந்தன என்பதால் இந்த முடிவுக்கு மதிப்பு கூடுகிறது.

இதனால் மனநலச் சிகிச்சையை மசாஜ் ஈடுசெய்யும் என்று பொருளில்லை. வாரக்கணக்கில் நீடிக்கும் சோர்வு, எதிலும் பிடிப்பின்மை, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை இருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதே முதல் வேலை. மருத்துவர் தந்த மாத்திரையை ‘மசாஜில் நன்றாகிவிட்டது’ என்று தானாக நிறுத்துவது ஆபத்து. வன்முறைக்கோ பாலியல் அத்துமீறலுக்கோ ஆளான சிலருக்கு அந்நியர் தொடுவதே பழைய அச்சத்தைக் கிளறக்கூடும். அவர்களை வற்புறுத்தி அனுப்பக் கூடாது.

மசாஜ் ‘கார்ட்டிசாலைக் குறைக்கிறது’ என்று எல்லாரும் எழுதுகிறார்களே?

எழுதுகிறார்கள். ஆனால் மோயர் குழுவினர் 2011இல் அதையே தனியாக ஆராய்ந்தபோது, மன அழுத்த இயக்குநீராகிய (ஹார்மோன்) கார்ட்டிசாலில் மசாஜ் ஏற்படுத்தும் மாற்றம் மிகச் சிறியது, பல இடங்களில் பூஜ்யத்திலிருந்து பிரித்தறியவே இயலாதது என்று கண்டார்கள். பதற்றம் குறைவது உண்மை. அதற்கு இந்த இயக்குநீரைக் காரணமாகக் காட்டுவதுதான் நிற்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் சீடர்ஸ் சைனாய் மருத்துவமனையில் ஆரோக்கியமான 53 பேரிடம் 45 நிமிட மசாஜுக்குப் பின் இரத்தத்தைப் பரிசோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் சிறு உயர்வு காணப்பட்டது. அதை வைத்து ‘எதிர்ப்பு சக்தி பெருகும்’ என்று பலகை எழுதுவது, ஆய்வாளர்களே சொல்லாததைச் சொல்வதாகும்.

தூக்கம், தலைவலி, இரத்த அழுத்தம்?

வலியாலோ கவலையாலோ தூக்கம் கெட்டவர்களுக்கு மாலையில் செய்யும் மசாஜ் உதவக்கூடும். கழுத்து, தோள் இறுக்கத்தோடு வரும் தலைவலிக்கும் அப்படியே. இரத்த அழுத்தம் மசாஜுக்குப் பின் சற்று இறங்கும், ஆனால் அது தற்காலிகம். மாத்திரையின் அளவைக் குறைக்க அது காரணமாகாது. எழும்போது தலைசுற்றலாம் என்பதால், முதியவர்கள் சில நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது.

குழந்தைகளுக்குச் செய்யலாமா?

மசாஜ் பற்றிய ஆய்வுகளிலேயே புகழ்பெற்றது குறைமாதக் குழந்தைகளைப் பற்றியதுதான். 1986இல் டிஃபனி ஃபீல்டும் உடனாய்வாளர்களும் 40 குறைமாதக் குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், நாளுக்கு மூன்று முறை 15 நிமிடம் வீதம் பத்து நாட்கள் நீவி, கைகால்களை மடக்கி நீட்டிவிட்ட குழந்தைகள், மற்றவற்றைவிட நாளொன்றுக்கு 47 விழுக்காடு கூடுதலாக எடை ஏறின. சராசரியாக ஆறு நாட்கள் முன்னதாக வீடு திரும்பின. இரு பிரிவும் குடித்த பாலின் அளவில் வேறுபாடு இல்லை. ஃபீல்ட் 1992இல் மயாமி பல்கலைக்கழகத்தில் தொடுதல் ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். குறைமாதக் குழந்தைக்கு இதைச் செய்வதாயின் பச்சிளங்குழந்தை மருத்துவரின் வழிகாட்டலில் மட்டுமே செய்ய வேண்டும்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது தமிழ் வீடுகளில் பாட்டிமார் கைவண்ணம். மென்மையாகச் செய்யும்வரை அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழந்தைக்கும் தாய்க்கும் நெருக்கம் கூடுகிறது. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, தலையையும் மூக்கையும் அழுத்தி ‘வடிவம் பிடிப்பது’ ஆகியவற்றை உறுதியாக நிறுத்த வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் கடும் நிமோனியா வரும். குழந்தை மருத்துவர்கள் இதைத் தொடர்ந்து எச்சரித்து வருகிறார்கள். பாட்டியோடு சண்டையிட வேண்டியதில்லை, மருத்துவர் வாயால் சொல்லவைத்தால் போதும்.

கர்ப்பிணிகள் செய்துகொள்ளலாமா?

சிக்கலில்லாத கர்ப்பத்தில், மகப்பேறு மருத்துவரின் ஒப்புதலோடு, பயிற்சி பெற்றவரிடம், ஒருக்களித்துப் படுத்தபடி செய்துகொள்ளலாம். வயிற்றை அழுத்துவதும் கெண்டைக்காலை ஆழமாகப் பிசைவதும் கூடாது. கர்ப்ப காலத்தில் கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல். பிரசவ வலியின்போது, வலி தணிக்க விரும்பிக் கேட்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு மசாஜ் போன்ற கைமுறைகளை அளிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. இடுப்பை நீவிவிட உடனிருக்கும் ஒருவரே போதும்.

எடை குறையுமா? நச்சு வெளியேறுமா?

இரண்டும் இல்லை. கொழுப்பைக் கையால் கரைக்க முடியாது. உடலின் கழிவுகளை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. மசாஜ் அவற்றைத் துரிதப்படுத்துவதற்குச் சான்றில்லை. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கையில் வரும் நிணநீர் வீக்கத்துக்குச் செய்யும் மெல்லிய நிணநீர் வடிப்பு முறை வேறு. அது மருத்துவமனைகளில் பயிற்சி பெற்றவர்கள் செய்வது.

வலிக்க வலிக்கப் பிடித்தால்தான் பலனா?

இந்த நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மறுநாள் உடம்பு கன்றியிருந்தால் ‘நன்றாகப் பிடித்துவிட்டார்’ என்கிறோம். லேசான உளைச்சல் ஓரிரு நாள் இருப்பது இயல்பு. மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அளவு வலித்தால் தசை தற்காப்பாக மேலும் இறுகும், நோக்கமே கெடும். மிதமிஞ்சிய அழுத்தத்தால் தசை இழைகள் சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைப் பாதித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மசாஜுக்குப் பின் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

யாரெல்லாம் தவிர்க்க வேண்டும்?

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் அதை ஒருபோதும் நீவிவிடக் கூடாது. காலின் ஆழத்திலுள்ள இரத்தக்குழாயில் உறைந்திருக்கும் இரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நீண்ட பயணத்துக்குப் பின்போ அறுவைக்குப் பின்போ படுத்திருப்பவரின் கால் வலிக்கிறது என்று அன்போடு அமுக்கிவிடும் உறவினர்கள் இதை முக்கியமாக அறிந்திருக்க வேண்டும்.

காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத புண், புதிய எலும்பு முறிவு இருக்கும்போதும் வேண்டாம். விழுந்து அடிபட்ட இடத்தைச் சுளுக்கு என்று நினைத்து வழித்துவிடுவதற்கு முன் எக்ஸ்ரே எடுப்பது அவசியம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் எலும்பு நொறுங்கும் தன்மை உள்ளவர்களும் மென்மையான அழுத்தத்தை மட்டுமே ஏற்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடான தைலம் பட்டால் கொப்புளம் வரும்வரை தெரியாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மென்மையான மசாஜ் பதற்றத்தையும் வலியையும் தணிக்க உதவக்கூடும். கட்டி உள்ள இடத்தையும் கதிர்வீச்சுப் பட்ட இடத்தையும் தொடாமல், மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

சலூனில் கழுத்தை முறித்து நெட்டி எடுப்பது நல்லதா?

வேண்டாம். கழுத்தைத் திடீரெனத் திருப்பும்போது மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் உள்ளன. அரிதானதுதான், ஆனால் ‘டக்’ என்ற ஒரு சத்தத்துக்காக ஏற்கத்தக்க ஆபத்து அன்று. தலையைப் பிடித்துவிடச் சொல்லலாம், கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

யாரிடம் செல்வது?

ஜப்பானில் மசாஜ் செய்பவர் தேசியத் தேர்வில் தேறி உரிமம் பெற்றிருக்க வேண்டும்; பார்வையற்றோர் பல நூற்றாண்டுகளாக அங்கு இத்தொழிலில் பேர்பெற்றவர்கள். இந்தியாவில் மசாஜுக்கென அப்படியொரு தேசிய உரிமம் இல்லாததால் தேர்வு செய்யும் பொறுப்பு நம்முடையதாகிறது. வலிக்காகச் செல்வதாயின் தகுதி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் செல்லலாம். தொக்கணம் வேண்டுமென்றால் சித்த மருத்துவப் பட்டம் பெற்றவரிடமோ, சென்னை தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களிலோ கேட்கலாம். தொடங்குமுன் உங்கள் நோய்களையும் மாத்திரைகளையும் பற்றி ஒன்றுமே கேட்காதவர், எத்தனை முறை என்று சொல்லாமல் மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவர், மருந்தை நிறுத்தச் சொல்பவர் ஆகியோரிடமிருந்து விலகிக்கொள்ளலாம். எந்த இடத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லவும், நடுவில் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வீட்டிலேயே ஒருவருக்கொருவர் செய்துகொண்டால் பலன் உண்டா?

மேலே சொன்ன தடைகள் இல்லாதவருக்குத் தாராளமாகச் செய்யலாம். நகத்தை வெட்டி, கையைச் சூடாக்கிக்கொண்டு, சிறிதளவு எண்ணெயோடு, பாதத்திலிருந்து மேல்நோக்கி மெதுவாக நீவத் தொடங்குங்கள். பின் கட்டைவிரல்களால் தோள்பட்டைத் தசையை வட்டமாகப் பிசையலாம். முதுகெலும்பின் மேலேயே அழுத்தாமல் அதன் இருபுறமும் உள்ள தசையில் மட்டும் கை படட்டும். கழுத்தின் முன்பக்கம், முழங்காலின் பின்பள்ளம், அக்குள் ஆகிய இடங்களை விட்டுவிடுங்கள். பதினைந்து இருபது நிமிடம் போதும். அழுத்தம் போதுமா, கூடுதலா என்று அவ்வப்போது கேட்டுக்கொள்ளுங்கள். கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். நான்கைந்து வாரம் செய்தும் வலியில் எந்த மாற்றமும் இல்லையென்றால், அல்லது வலியோடு மரத்துப்போதல், கைகால் பலவீனம், எடை இறங்குதல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால், அதற்கு மேல் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.